மேசைக்கு அடியில் ரவை

காய்ந்த ரவையைச் சுரண்டிப் பார்த்திருக்கிறீர்களா? நகம் போகும், ரவை போகாது. கேமரன்மலையில், பிரிஞ்சாங்குக்கு மேலே ஓர் ஓட்டலில் டீ ஹாலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, வெண்ணெய் தடவும் கத்தியால் அதைத்தான் சுரண்டிக்கொண்டிருப்பேன். உதிர்ந்து கண்ணில் விழும். அதில் எறும்பு இருக்கும். சில நாள் கரப்பான் குஞ்சும் இருக்கும்.

அந்த ரவையை அங்கே ஒட்டிவைத்தவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வாயைக் கொப்பளிக்க வேண்டும். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுத் தொலைத்தேன்.

சனிக்கிழமைதோறும் மலையடியில் இருக்கும் தாப்பாவிலிருந்து ஒரு பழைய காரில் மேளங்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு வருவார். பட்டு ஜிப்பா போட்டிருப்பார். அதற்கு மேலே சென்ட், சென்ட்டுக்குக் கீழே வேர்வை. சுற்றுப்பயணிகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு கேக் தின்னும் நேரத்தில், "இந்தியக் கைமேளங்கள்: ஓர் அறிமுகம்" என்று எழுதிய பலகையைச் சுவரில் சாய்த்துவைப்பார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்காருவார். செருப்பைக் கழற்றியதும் முன்வரிசை மேசைக்காரர்கள் ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்கள்.

முதலில் மிருதங்கம். பலாமரத்தைக் குடைந்து செய்தது, இரண்டு பக்கமும் தோல், வலப்பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம், அதுதான் கணீரென்று பேசும் என்பார். இடப்பக்கம் வெறும் தோல். அதை அப்படியே தட்டினால் பெட்டியைத் தட்டியதுபோல் இருக்கும், அடிக்குரல் வராது. அதற்காகத்தான் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தோலின் நடுவில் அப்புவது. அப்பியபிறகு ஒரு தட்டுத் தட்டினால் வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் 'தொம்' என்று வரும். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். வாசித்து முடித்ததும் அந்த ரவையை வழித்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் கெட்டுப்போகும். அவர் வழிப்பார். வழித்ததை எங்கே போடுவது? குப்பைத்தொட்டி பத்தடி தள்ளி இருந்தது. மேசையின் அடிப்பக்கம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

அடுத்து தபலா. ஒன்று மரம், ஒன்று உலோகம், இரண்டும் ஜோடி, வடக்கிலிருந்து வந்தது என்று சொல்லி ஒரு சுற்று வாசிப்பார். பிறகு டோலக், கல்யாணவீட்டு மேளம், இதற்கு ஆடாத கால் கிடையாது என்பார். பிறகு கஞ்சிரா. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய வட்டம், ஒரு பக்கம்தான் தோல், அதுவும் உடும்புத்தோல். இறுக்கமாக இருக்கும் தோலை இளக்க உட்புறம் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர்க் குவளையை நான் பக்கத்தில் வைத்திருப்பேன். அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். வாய் எதற்கு இருக்கிறது? துப்பித் தேய்த்து, அந்தக் கையாலேயே அதை ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மாவிடம் நீட்டி, "பிடித்துப் பாருங்கள்" என்பார். அந்த அம்மாவும் இரண்டு கையால் பிரசாதம் மாதிரி வாங்கும்.

கையைப் பற்றி மட்டும் பொய் சொல்ல மாட்டேன். அது நல்ல கை. எங்கள் மலையில் பனி இறங்கினால் தோலெல்லாம் தொய்ந்துவிடும். ஓட்டல் அறையில் தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவரச் சொல்லி, குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் ஒவ்வொரு மேளத்துக்கும் காற்றுக் காட்டி, விரலால் தட்டிக் காது வைத்துக் கேட்டு, பிறகு தொடங்குவார். தொடங்கிய முதல் ஐந்து நிமிடம் நான் டிரேயைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றதுண்டு. அப்படிப்பட்ட கையை இப்படிப்பட்ட ஆளிடம் கொடுத்த ஆண்டவனை என்ன சொல்ல!

ஐந்து நிமிடம்தான். ஆறாவது நிமிடம் நிறுத்திவிடுவார். எதையும் முடித்து நான் பார்த்ததில்லை. தாளம் ஏறி, இப்போது ஏதோ வரப்போகிறது என்று நாம் மூச்சைப் பிடிக்கும்போது, டக்கென்று கையைத் தூக்கி, சிரித்து, "இது ஓர் அறிமுகம்" என்று கும்பிடுவார். கைதட்டுவார்கள். ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

"ஏன் மாஸ்டர், ஒரு பாட்டாவது முழுசா வாசிச்சா என்னா?"

"அறிமுகம் நல்லா இருந்தா போதும்மா. மிச்சத்த யாரு கேட்டா?"

வடை தின்பதும் அதே கணக்குதான். தட்டில் இருக்கும் வடையில் ஒன்றை எடுத்து ஒரு கடி கடிப்பார். அதை வைத்துவிட்டு அடுத்ததில் ஒரு கடி. எல்லா வடைக்கும் அவர் பல் அறிமுகமாகிவிடும். எதையும் தின்று முடிக்க மாட்டார். அந்தத் தட்டை நான்தான் குப்பையில் கொட்ட வேண்டும். டீயும் பாதிதான், மீதியில் சிகரெட்டை அணைத்திருப்பார்.

நான் குடியிருக்கும் தேயிலை எஸ்டேட்டிலும் ஒரு கைவரிசை காட்டியிருக்கிறார். பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லித்தருகிறேன் என்று கோயில் மண்டபத்துக்கு வந்தார். தாய்மார்கள் வெற்றிலை பாக்கு, பூ, பழம் என்று தட்டு எடுத்துப் போனார்கள். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து முதல் பாடம் சொன்னார்: த, தி, தொம், நம். தரையைத் தட்டிக்கொண்டு பிள்ளைகள் கத்தின கத்தலில், எஸ்டேட் வரிசை வீடுகளான எங்கள் லயமே அதிர்ந்தது. அடுத்த வாரம் தலை சீவிப் பவுடர் போட்டு அதே பிள்ளைகள் மண்டபத்தில் காத்திருந்தார்கள். அதற்கு அடுத்த வாரமும். மாஸ்டர் வரவேயில்லை. ஓட்டலில் பார்த்துக் கேட்டால், "தொடங்கி வெச்சிருக்கேன்ல?" என்றார். எங்கள் எஸ்டேட் பிள்ளைகளுக்கு இன்றுவரை சங்கீதம் என்றால் அந்த நாலு சொல்தான்.

கிள்ளானில் ஒன்று, தாப்பாவில் ஒன்று என்று அவர் தொடங்கிவைத்த குடும்பங்களைப் பற்றியும் பேச்சு உண்டு. நான் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் விடுகிறேன். விடுகிறேன் என்றால் நம்பவில்லை என்று அர்த்தமில்லை.

இந்த அளவோடு போயிருந்தால், அசிங்கம் பிடித்த மனுஷன் என்று சொல்லி நான் மறந்திருப்பேன். பவுனு அக்கா விஷயத்தில் அவர் செய்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

பவுனு அக்காவுக்கு எங்கள் லயத்தில் அடுத்த வீடு. அதே ஓட்டலில் துணி துவைக்கும் பகுதியில் வேலை. ஊர் பேர் தெரியாதவர்கள் படுத்து எழுந்த விரிப்புகள், துடைத்த துண்டுகள், வாந்தி எடுத்த தலையணை உறைகள் என்று வருஷம் பூராவும் அவள் கை பட்டதெல்லாம் பிறர் அழுக்கு. ஆனால் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் கரகம் தூக்குகிறவள் அவள்தான். அவள்மேல் ஆத்தா இறங்குவாள். அன்று எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, கோயில் தலைவர், வீட்டில் காரும் கையில் மோதிரமும் வைத்திருப்பவர்கள் எல்லாரும் வாசலில் குனிந்து நின்று அவள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த ஒரு நாளுக்காக அவள் மற்ற நாளெல்லாம் முகம் சுளிக்காமல் துவைத்தாள் என்பது எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருக்கிறாள்: "அந்த ஒரு நாளு இல்லன்னா நான் இந்தத் துணியோட துணியா போயிருப்பேன்டி சாந்தி."

ஒரு சனிக்கிழமை மாஸ்டர் புதிதாக ஓர் உடுக்கையைக் கொண்டுவந்தார். இடுப்புச் சிறுத்து இரண்டு பக்கமும் அகன்ற சின்ன மேளம். இடக்கையால் இடுப்புக் கயிற்றை அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு, வலது கை விரலால் தட்டினால் அழுகிற குரல் வரும், கோபிக்கிற குரலும் வரும். எங்கள் ஆட்களுக்கு அது கச்சேரி மேளமில்லை. சாமியை அழைக்கிற மேளம். அதை அழைக்கிற அடி என்று ஒன்று இருக்கிறது. அதை அடித்தால் சாமி இறங்கும். இறங்கினால் என்ன வேண்டும் என்று கேட்டு, சூடம் காட்டி, திருநீறு பூசி, அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து அனுப்பிவைக்க வேண்டும். மலையேற்றுவது என்பார்கள். அழைத்தவன்தான் மலையேற்ற வேண்டும். பாதியில் விட்டால் சாமியும் போகாது, ஆளும் திரும்பாது. அந்த உடம்பு நடுவழியில் கிடந்து காயும். இது எங்கள் லயத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

மாஸ்டர் நேராக அழைக்கிற அடியை எடுத்தார். பவுனு அக்கா அப்போது வெளுத்த மேசை விரிப்புகளை அடுக்கிக்கொண்டு ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தாள். விரிப்புகள் கையிலிருந்து நழுவின. கொண்டை அவிழ்ந்தது. ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், கேக் தின்றுகொண்டிருந்தவர்கள் கரண்டியைப் போட்டுவிட்டார்கள். திருவிழாக் கூட்டத்தில் பார்த்த ஆட்டத்தை டீ ஹாலில், செருப்புக் காலோடு உட்கார்ந்திருந்தவர்கள் நடுவில் பார்த்தேன். எல்லாரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். மாஸ்டர் ஐந்து நிமிடம் அடித்தார். பிறகு வழக்கம்போல டக்கென்று கையைத் தூக்கி, சிரித்து, கும்பிட்டார்.

அக்கா அப்படியே நின்றாள். ஆட்டமுமில்லை, நினைவுமில்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. துணி அறைக்கு இழுத்துப்போய், அவள் பையிலேயே திருநீற்றைத் தேடி எடுத்துப் பூசி, எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கெஞ்சினேன். பொழுது சாயும்போதுதான் என்னை யார் என்று கேட்டாள். அந்த வாரம் முழுக்கக் காய்ச்சல்.

மறு சனிக்கிழமை மாஸ்டர் வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மா எப்படி இருக்காங்க?" என்பதில்லை.

"அந்தம்மாவுக்கு இன்னிக்கு எந்த ஷிப்டு?"

நான் டிரேயை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அவர் மேனேஜரிடமே போனார். மேனேஜர் சீன அம்மா, கெட்டவரில்லை. அக்கா ஆடியதை ஏதோ நடனம் என்றே நினைத்திருந்தார். சுற்றுப்பயணிகள் ரொம்ப ரசித்தார்கள் என்று மாஸ்டர் சொல்ல, பவுனு அக்காவுக்கு இனிச் சனிக்கிழமைதோறும் அந்த நேரத்திலேயே வேலை என்று ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்ட தாளைச் சுவரில் ஒட்டியும் விட்டார்கள்.

அடுத்து வந்த சனிக்கிழமை அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு துணி அறைக்குள்ளேயே இருந்தாள். மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் ஹால் கேட்காது, பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் எழுப்பி, தேயிலைத் தோட்டம் சுற்றிக் காட்டுகிற கைடு மாதிரி முன்னால் நடந்து, நடைபாதை வழியாக அடித்துக்கொண்டே துணி அறைக்குப் போய்க் கதவைத் திறந்தார். ஈர விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் ஒண்டியவள்மீது அடித்தார். பஞ்சு என்ன செய்யும்? உடுக்கை காதால் மட்டுமா கேட்கிறது? அழுக்குத் துணிக் குவியலில் அவள் ஆடினாள். சுற்றுலாக்காரர்கள் கதவுக்கு வெளியே முண்டியடித்துப் படம் பிடித்தார்கள். அவர் நிறுத்தினார், கும்பிட்டார், ஹாலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் ஓடினேன். "மாஸ்டர், வந்து அனுப்பி வைங்க. அவங்க அங்க நிக்கிறாங்க. பாதியில விட்டுட்டு வந்தா எப்படி?"

வாயில் வடை இருந்தது. இரண்டாவது வடையோ மூன்றாவதோ. "அதெல்லாம் தானா அடங்கிடும்மா. நீ சூடா ஒரு தே கொண்டா."

அந்த டீயை அவர் தலையில் ஊற்றாமல் மேசைமேல் வைத்தது இன்றுவரை எனக்கு மனவருத்தம். அன்றும் நான்தான் திருநீறு பூசிக் கெஞ்சி, இருட்டியபிறகு அக்காவை வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

இரண்டாவது தடவை எடுத்த படம் யார் யார் போனிலோ சுற்றி, எஸ்டேட்டுக்கும் வந்துவிட்டது. அழுக்குத் துணிமேல் ஆத்தா ஆடுகிறாள், பின்னால் சிரிப்பும் கைதட்டலும் கேட்கிறது. கோயில் கூட்டத்தில் தலைவர் எழுந்து பேசினார்.

"ஓட்டல்ல வெள்ளக்காரன் கைதட்டுனா எறங்குற சாமிய நம்ம எப்படிலா நம்புறது? நாளைக்கு நம்மள ஊரே சிரிக்கும். இந்த வருஷம் கரகம் வேற ஆளு தூக்கட்டும்."

வேறு ஆள் என்றால் அவர் தம்பி மருமகள். எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை, அதனால் எழுந்து வந்துவிட்டேன். பவுனு அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் வெந்நீரை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவனுக்கு அனுப்பத் தெரியுமா, தெரியாதா?"

"தானா அடங்கிடும்னான்க்கா."

"அப்ப தெரியாது." அடுப்பை அணைத்தாள். "மொதப் பாடத்தோட ஓடியாந்தவனா இருப்பான். கூப்புட மட்டும் கத்துக்கிட்டு வந்துட்டான்."

அடுத்த சனிக்கிழமை தீபாவளிக்காக ஓட்டலில் திறந்த இல்ல உபசரிப்பு வைத்தார்கள். எஸ்டேட் ஆட்கள் எல்லாருக்கும் சாப்பாடு. கோயில் தலைவர் சட்டைப்பையில் பேனா குத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தேயிலை லோரி ஓட்டுகிற எங்கள் பூசாரியும் வந்திருந்தார். சுற்றுப்பயணிகளும் நிறைய. மாஸ்டருக்குக் கொண்டாட்டம், புது ஜிப்பா. மிருதங்கத்தை மடியில் வைத்ததும் எஸ்டேட் பிள்ளைகள் ஒரே குரலில், "த! தி! தொம்! நம்!" என்று கத்தினார்கள். கத்திவிட்டு அடுத்தது என்ன என்று அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் சிரித்து மழுப்பிவிட்டு வெள்ளைக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று காலையிலேயே அக்காவிடம் பஞ்சை நீட்டியிருந்தேன். வேண்டாம் என்றாள். தலைக்குக் குளித்திருந்தாள், நெற்றியில் பெரிய பொட்டு. "இன்னிக்காவது லீவு போட்டிருக்கலாம்லக்கா" என்றேன். "நான் ஏன்டி லீவு போடணும்?" என்றாள்.

மாஸ்டர் உடுக்கையை எடுத்ததும் எஸ்டேட் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அழைக்கிற அடி. சமையல் கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். இந்தத் தடவை ஹாலின் நடுவில் ஆடவில்லை. மேசைகளுக்கு நடுவே நேராக நடந்து மாஸ்டரின் பாய்க்கு முன்னால் போய் நின்றுகொண்டு ஆடினாள். அவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. ஐந்து நிமிடம் ஆனதும் அவர் வழக்கம்போலக் கையைத் தூக்கி, "தேங்க்யூ, தேங்க்யூ" என்று கும்பிட்டார். கைதட்டல் கிளம்பியது.

"எதுக்குடா நிறுத்துன?"

அந்தக் குரலில் கைதட்டல் அடங்கிப்போனது.

"கூப்புட்டியே. அனுப்பு."

மாஸ்டர் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. மறுபடி உடுக்கையை எடுத்து அதே அழைக்கிற அடியை அடித்தார். அவள் ஆட்டம் இன்னும் ஏறியது. பயந்து நிறுத்தினார்.

"அனுப்புடா!"

மிருதங்கத்தில் கச்சேரியை முடிக்க மூன்று தடவை திருப்பி அடித்து நிறுத்துவார்களே, தீர்மானம், அதை உடுக்கையில் அடித்துப் பார்த்தார்.

"இது உன் கச்சேரிக்கு முடிவு. நான் போற வழி எங்க?"

பட்டு ஜிப்பா முதுகோடு ஒட்டிவிட்டது. டோலக்கை இழுத்துக் கல்யாணவீட்டு அடி ஒன்றைத் தொடங்கினார், பாதியில் விட்டார். தபலாவைத் தொட்டார், விட்டார். அவருக்குத் தெரிந்த தொடக்கங்கள் எல்லாம் தீர்ந்துபோயின. எங்கள் பூசாரி வாயைத் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அம்மா, "சுக்கூப் லா, சுக்கூப்" என்று, போதும் போதும் என்று கையை ஆட்டியதை யாரும் கவனிக்கவில்லை.

"ஒரு நிமிசம், டாய்லட்டு..." என்று மாஸ்டர் எழுந்தார். சமையல் கட்டு வழியாகப் போனார். சற்று நேரத்தில் பின்னால் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. செருப்பு பாயின் ஓரத்திலேயே கிடந்தது. வெறுங்காலோடு அத்தனை வளைவையும் இறங்கிப் போயிருக்கிறார். அவர் முழுதாகச் செய்து முடித்து நான் பார்த்த ஒரே காரியம் அந்த ஓட்டம்தான்.

அக்கா மெல்லத் தலைவர் பக்கம் திரும்பினாள். முடி முகத்தை மூடியிருந்தது.

"ஓட்டல்ல ஆடுறேன்னியே. கூப்புட்டவன் போறான் பாரு. அவன ஒரு வார்த்த கேட்டியா? எம்புள்ளயத்தான் கேப்பியா?"

தலைவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "தப்புத்தான் தாயே, தெரியாமப் பேசிட்டேன் தாயே" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பூசாரி என்னிடம் சூடம் கேட்டார். ஓட்டல் சாமி படத்தடியில் இருந்ததை எடுத்து ஒரு கேக் தட்டில் வைத்து ஏற்றிக்கொடுத்தேன்.

"கரகம் உன் புள்ளைக்குத்தான் தாயே, இந்த வருசமும், எல்லா வருசமும்" என்றார் தலைவர், தரையில் கிடந்தபடியே. பூசாரி திருநீற்றை அள்ளி அக்காவின் நெற்றியில் பூசினார். அவள் அவர் தோளில் சாய்ந்தாள்.

அந்த வருஷத் திருவிழாவில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற முதல் ஆளாக நின்றவர் தலைவர்தான்.

மாஸ்டர் திரும்பி வரவில்லை, மேளங்களையும் கேட்கவில்லை. ஓட்டல் ஸ்டோரில் போட்டுவைத்தோம். எங்கள் பனியில் தோலெல்லாம் பூஞ்சணம் பூத்தது. மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் கடைசியாகப் பூசிய ரவை வழிக்கப்படாமல் அப்படியே இருந்ததால், அதைத் தின்ன வந்த எலி தோலையும் சேர்த்துத் தின்றுவிட்டது. கடைசியில் நான்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கிப் போட்டேன். அந்த ஆள் விட்டுப்போன எதையும் வேறொருவர்தான் அள்ள வேண்டும்.

போன மாதம் வேலைக்கு நடுவில் என் போனில் ஒரு வீடியோ வந்தது. அவரேதான். தலைக்குச் சாயம் அடித்து, கழுத்தில் உருத்திராட்சம் போட்டு, மலைக்குக் கீழே எங்கேயோ ஒரு மண்டபத்தில் கைமேளங்களை அறிமுகம் செய்துகொண்டிருந்தார். உடுக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு தடவ கேமரன்மலையில, இந்தக் கையிக்கு ஆத்தாவே நேர்ல எறங்கி வந்தா. ஊரே நடுங்கிப் போச்சு. அவள சாந்தப்படுத்தி, மலையேத்தி அனுப்பி வெச்சதும் இதே கைதான்." வீடியோவுக்கு அடியில் ஆயிரம் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது, துப்புகிற இடமாக இல்லை. துணி அறைக்குப் போய்ப் பவுனு அக்காவிடம் காட்டினேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி முழுதாகப் பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"என்னக்கா சிரிக்கிற? எனக்கு வயிறு எரியுது."

"நல்லாத்தான்டி சொல்றான். ஆனா அன்னிக்கு எனக்கு ஒண்ணும் வரல."

"என்னா?"

"மொத ரெண்டு தடவ வந்தது ஆத்தா. அவ பாதி வழியில நின்னு பட்ட பாட்ட நான் பட்டேன்ல. மூணாவது தடவ அவள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?" போனை என் கையில் திணித்தாள். "காலையிலயே கெஞ்சிட்டேன், நீ வராத தாயி, நான் பாத்துக்கறேன்னு. அன்னிக்கு ஆடுனது நாந்தான்."

தலைவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது என் கண்முன் வந்தது. தலையைப் புதைத்துக் கிடந்தவருக்கு முன்னால், முடிக்குள்ளிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது ஆத்தா இல்லை, பவுனு அக்கா. வருஷம் பூராவும் பிறர் அழுக்கைத் துவைக்கிற பவுனு அக்கா.

"யாருக்கிட்டயும் சொல்லாத" என்றாள். உலர்ந்த விரிப்பு ஒன்றை மெஷினிலிருந்து இழுத்து உதறினாள். "இந்தா, அந்த முனையப் புடி."